இடப்பக்கத்துப் பால்

நான் எத்தனை தரம் பால் குடித்தேன் என்று என்னிடம் கேட்டார்கள். நாற்பதை நெருங்குகிற மனிதனிடம், முன்மயிர் கொட்டிப்போன, ஒரு பிள்ளைக்குத் தகப்பனான என்னிடம், மரண வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த பாலுக்கு இப்போது கணக்குச் சொல்ல வேண்டுமாம். ஐந்து தரம் என்றால் உள்ளே கிடப்பவர் எனக்குத் தாய். அதற்குக் குறைந்தால் அன்னியப் பெண். அதற்கும் சாட்சி வேண்டும். கேட்ட மௌலவிக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். அவர் முகத்தில் வெறுப்பு இல்லை, நக்கலும் இல்லை. கடையில் சீனி நிறுக்கிறவரைப் போல நிதானமாகக் கேட்டார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா என்னைப் பெற்றது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில். பெற்ற கையோடு வலிப்பு வந்து, இரத்தமும் போய், நினைவு தப்பிவிட்டது. அடுத்த கட்டிலில் காத்தான்குடிப் பெண் ஒருவர் இருந்தார். முதல் நாள்தான் ஆண் குழந்தை பெற்றிருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "அந்தப் புள்ளய இஞ்ச தாங்க மிஸ்ஸி, அது பசிக் கத்தல்" என்று தாதியிடம் கையை நீட்டி என்னை வாங்கியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். அந்த ஒழுங்கு கடைசிவரைக்கும் மாறவில்லையாம்.

அம்மா எழும்பி நடக்க மாதக்கணக்கானது. அதற்குள் பால் வற்றிவிட்டது. அப்பா என்னைத் துவாயில் சுற்றி, கல்லடியிலிருந்து சைக்கிளில் காத்தான்குடிக்குக் கொண்டுபோவார். காலையில் கொண்டுபோய் மாலையில் தூக்கிக்கொண்டு வந்தவர், ரோட்டில் பிரச்சினை தொடங்கியதும் என்னை அங்கேயே விட்டுவிட்டார். பல் முளைக்கும்வரை நான் அந்த வீட்டுப் பிள்ளை. தமிழனும் முஸ்லிமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பயந்த நாட்கள் அவை. அந்த ஊரில் அப்போது என்னைப் பற்றி யார் என்ன பேசினார்களோ தெரியாது. எத்தனை தரம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே எனக்கு ஒரு அம்மா, ஒரு உம்மா. அந்த வீட்டின் மூத்த பிள்ளை ஒரு பெண். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அவரை நான் ராத்தா என்பேன். மற்றவன் என்னோடு பங்குபோட்டுக் குடித்தவன். அவனும் நானும் எப்போதும் டேய், டேய்தான். உம்மாவின் கணவரை நான் வாப்பா என்றேன். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவர் மௌத்தாகி, உம்மா விதவையாகிவிட்டார்.

உம்மா எந்த ஆணுக்கு முன்னாலும் முக்காடு இல்லாமல் வரமாட்டார். மீன்காரன் ஒழுங்கையில் ஹோன் அடித்தால்கூட, தலையை மூடிக்கொண்டுதான் என்ன மீன் என்று கேட்பார். நான் போனால் மட்டும் முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொள்வார். "நீ வந்தாத்தான்டா மனெ என்ட தலைக்கிக் கொஞ்சம் காத்துப் படுது" என்பார். அந்த மயிர் கறுப்பிலிருந்து சாம்பலாகிப் பிறகு பஞ்சாகிப் போனதை ஒவ்வொரு வருடமாகப் பார்த்தவன் நான். பின்னால் வந்தவர்கள் சட்டம் சட்டம் என்று கத்தினார்களே, உம்மாவுக்குச் சட்டம் தெரியாமலா? பால் குடித்த பிள்ளைக்கு முன்னால் தலையை மூடத் தேவையில்லை என்பது அவருடைய மார்க்கத்தின் சட்டந்தான். அவர் அதைக் கிதாபில் படிக்கவில்லை. வெக்கை நேரத்தில் முக்காட்டை இறக்கி விட்டார், அவ்வளவுதான்.

நல்ல மனநிலையில் இருந்தால் பகிடியும் விடுவார். "இடதுலதான்டா பால் கூட. அதான் நீ கொழுகொழுண்டு கெடந்தாய், இவன் ஓணான் மாதிரிக் கெடந்தான்" என்று எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொல்வார். அவன் முகம் சிவந்துபோகும். நான் சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

நான் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். கோயில் ஏசி, பள்ளிவாசல் ஏசி, சபை மண்டபத்து ஏசி எல்லாம் என் கைபட்டுத்தான் குளிர்கின்றன. ஏணி வைத்து ஏறி, கோயில் பீடத்துக்கு மேலேயும் பள்ளிவாசல் மிம்பர் மேடைக்கு மேலேயும் என் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். வெக்கை தாங்காமல் இருக்கும்போது நான் எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. காஸ் அடைத்துக் குளிர் வந்த பிறகுதான் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வரும்.

எங்கள் பக்கத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவன் முஸ்லிம்களைத் திட்ட வந்திருக்கிறான் என்று எங்கள் ஆட்கள் சிலர் சந்தோசப்படுவார்கள். அந்தச் சந்தோசத்தை நான் ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். என் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாகக் கத்தோலிக்கர்தான் நிற்கலாம் என்று எனக்குத் தெரியும். மைத்துனி நின்றாள். நான் கேட்டதெல்லாம், பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிவரைக்கும் உம்மா தூக்கிக்கொண்டு வரட்டும் என்பதுதான். எங்கள் கோயிலில் அப்போதிருந்த பங்குச் சுவாமி வயதானவர். "பிள்ளையைத் தூக்கிறதுக்குச் சட்டம் என்னத்துக்கு மகன்? கையில பலம் இருந்தாக் காணும்" என்றார். நான் சந்தோசமாகப் போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா அதற்கென்று புதுச்சேலை எடுத்தார். ஆனால் நாள் வருவதற்குள் அந்தச் சுவாமிக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வந்தவர் இளம் சுவாமி. வெளிநாட்டில் திருச்சபைச் சட்டம் படித்துவிட்டு வந்தவர். கோயில் வாசலில் பிள்ளையோடு நின்ற உம்மாவைக் கண்டதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சடங்கில் பங்குபற்றுகிற மாதிரி ஆகிவிடும். விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கும்."

"எந்த விசுவாசிக்கு சுவாமி?"

"பொதுவாகச் சொல்கிறேன்."

உள்ளே இருந்த விசுவாசிகளில் பாதிப்பேர் உம்மாவின் கையால் பெருநாள் பிரியாணி சாப்பிட்டவர்கள். அவர்களில் ஒருவர்கூட இடறி விழுந்ததாக எனக்குத் தெரியாது. முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பழைய சுவாமிக்குப் போன் எடுத்தேன். "அது இப்ப அவரின்ட பங்கு மகன். நான் தலையிடக் கூடாது" என்றார். சரியென்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்தச் சரிக்காக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மறுத்தவர் மேலே வந்த கோபத்தைவிட இவர் மேலே வந்த கோபந்தான் எனக்குப் பெரிது.

உம்மாவுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை மைத்துனியிடம் கொடுத்துவிட்டு, முற்றத்து வேப்பமரத்தடியில், செருப்புகள் கிடந்த இடத்தில் போய் நின்றார். எல்லாம் முடிந்து நான் வந்தபோது சிரித்தார். "என்னத்துக்குடா மனெ மொகத்தத் தூக்கி வெச்சிரிக்காய்? எனக்கு இஞ்ச நெழல், ஒனக்கு உள்ளுக்க வேர்த்து வழியிது" என்றார். புதுச்சேலையின் கரையில் வேப்பம்பூ விழுந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வரவில்லை.

என்னைப் பெற்ற அம்மாவுக்கு இன்னொரு சட்டம் வந்து சேர்ந்தது. அப்பா இறந்த பிறகு, அம்மா கத்தோலிக்கக் கோயிலை விட்டு ஒரு சபைக்குப் போகத் தொடங்கினார். தோடு போனது, சங்கிலி போனது, வெள்ளைச்சேலை வந்தது. அது அவருடைய விருப்பம், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் உம்மா வீட்டிலிருந்து எங்களுக்குக் கஞ்சி வரும். தூக்குச்சட்டி நிறைய, இறைச்சி போட்டு, இஞ்சியும் பூண்டும் மணக்க வரும். முன்பெல்லாம் அம்மா பின்னேரம் ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் தூக்குச்சட்டியை மூடி திறக்காமல் தள்ளி வைத்தார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று போதகர் சொன்னாராம்.

நான் நேரே போதகரிடம் போனேன். "ஐயா, அவங்க சிலையக் கண்ணிலயும் காட்டாத சனம். எந்த விக்கிரகத்துக்குப் படைச்சிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"பிரதர், அத ஆவிக்குரிய அர்த்தத்தில எடுக்கணும்" என்றார்.

"கஞ்சி ஆவி பறக்கத்தான் வருகுது" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பகிடிக்குச் சொல்லவில்லை. கோபத்தில் வாயில் அதுதான் வந்தது.

இதே வேதத்தை வைத்துக்கொண்டு எங்கள் கோயில் சுவாமி எதையும் சாப்பிடலாம் என்கிறார். நாலு வீடு தள்ளியிருக்கிற இன்னொரு சபைக்காரர் இரத்தம் சேராவிட்டால் சாப்பிடலாம் என்கிறார். அம்மாவின் போதகர் கூடவே கூடாது என்கிறார். மூன்று பேரும் ஒரே புத்தகத்தைத்தான் விரிக்கிறார்கள். அம்மா அதன்பிறகு அந்தக் கஞ்சியைக் குடிக்கவில்லை. நான் குடித்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "அம்மாவும் குடிச்சாவா மனெ?" என்று உம்மா கேட்பார். ஓம் என்பேன்.

இனி அவன். என் பங்காளி. சவூதிக்குப் போய்ப் பல வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிவிட்டு வந்தான். கெட்டவனாகத் திரும்பி வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் சிகரெட்டை விட்டிருந்தான், ஐந்து நேரமும் தொழுதான், உம்மாவை மாதம் தவறாமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கத் தொடங்கினான். இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதினால் ஆதாரம் எங்கே என்பான். நபியைப் புகழ்ந்து மௌலிது ஓதினால் ஆதாரம் எங்கே என்பான். அவர்களுடைய ஒழுங்கையில் இரண்டு பள்ளிவாசல். ஒன்றில் ஆகும் என்பது மற்றதில் ஆகாது. உம்மா பழைய பள்ளி, மகன் புதுப் பள்ளி. ஒரே சட்டியில் சோறு, ஆனால் பெருநாள் வேறு வேறு நாளில் வந்த வருடமும் உண்டு.

ஒருநாள் விறாந்தையில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். உம்மாவின் தோளில் கிடந்த முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டான்.  உம்மா அதை அப்படியே இழுத்துத் திரும்பத் தோளில் போட்டார். "என்ட புள்ளக்கி முன்னுக்கு நான் மூடுறல்லடா. ஒன்ட ஆதாரத்தக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வை" என்றார். அவன் உள்ளே போய்விட்டான். நான் அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

உம்மா மௌத்தானது ஒரு விடியற்காலையில். ராத்தா போனில் அழுதுகொண்டே, "தம்பி, உம்மா போயித்தா. கெதியா வா" என்றார். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம். அம்மாவுக்குச் சொன்னேன். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். வாங்க போவோம் என்றேன். "அங்க ஓதுவாங்க மகன். போதகர் போகக் கூடாதெண்டவர்" என்றார். அதற்கு மேல் நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

ஒழுங்கையில் கதிரைகள் போட்டு ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் உள்ளே. அவன் வாசலில் நின்றான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கப்போனபோது அவன் கை என் நெஞ்சில் வந்து நின்றது.

"சகோதரர்" என்றான். "கொஞ்சம் பொறுங்க. ஒரு சட்டப் பிரச்சின இரிக்கி."

பிறந்த நாளிலிருந்து டேய் என்றவன் அவன். சகோதரன் இல்லை என்று சொல்வதற்கு அவனுக்குச் சகோதரர் என்று தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண்ணீர் நின்றுவிட்டது.

புதுப் பள்ளியின் அந்த இளம் மௌலவி அப்போதுதான் வந்து விளக்கினார். இறந்து மையித்தானாலும் அன்னிய ஆண் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பால்குடி மகன் என்றால் பார்க்கலாம். ஆனால் ஐந்து தரம், வயிறு நிறைய, தனித்தனியாகக் குடித்திருக்க வேண்டும். அதைக் கண்ட சாட்சி வேண்டும். "சந்தேகம் இருந்தா விலகி இருக்கிறதுதான் பேணுதல்" என்றார்.

பேணுதல். அவர்கள் வழக்கில் அதற்கு மார்க்கத்தில் எச்சரிக்கையாக இருத்தல் என்று பொருள். எனக்குத் தெரிந்த தமிழில் பேணுதல் என்றால் ஒரு பிள்ளையை அணைத்து வளர்ப்பது. உம்மா என்னைப் பேணினார். அந்தச் சொல்லையே வாசலுக்குக் குறுக்கே போட்டு என்னை நிறுத்தினார்கள்.

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "நான் கண்டன்! எத்தின தரமெண்டு கேக்கிறீங்க? நாளைக்கு எத்தின தரமெண்டு கேளுங்க!"

"நீங்க அப்ப எட்டு வயசுப் புள்ள" என்றார் மௌலவி, தரையைப் பார்த்தபடி. "அந்த வயசில கண்ட சாட்சி..."

"எட்டு வயசில இவன்ட பீத்துணி கழுவினன் நான்! அதுக்கு மட்டும் என்ட வயசு காணுமா?"

கதிரையில் இருந்த சில கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு என்னைக் குழந்தையிலிருந்தே தெரியும். ஒருவர் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனவர். வாய் திறக்கவில்லை. ஜமாஅத்துக்குள் பிரச்சினை வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள். பிரச்சினை வேண்டாம் என்று எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்.

பழைய பள்ளி இமாம் ஹஸரத்துக்குப் போன் எடுத்தேன். அவருடைய பள்ளி ஏசியை நான்தான் பார்ப்பேன், நல்ல மனிதர். விசயத்தைச் சொன்னதும் உச்சுக் கொட்டினார். "மற்ற மத்ஹப் சட்டப்படி ஒரு சொட்டுக் குடிச்சாலும் காணும் தம்பி. நம்மட மத்ஹபிலயும், சின்னதில கண்டத்தப் பெரிசாகிச் சொன்னா ஏத்துக்கலாம். மதம் வேறயெண்டாலும் பால் பால்தான். நீங்க உம்மாட மொகத்தத் தாராளமாப் பாருங்க" என்றார்.

"ஒருக்கா வந்து இதச் சொல்லுங்க ஹஸரத்."

 "உம்மா நம்மட பள்ளிதான், ஆனா மகன் அவங்கட பள்ளி, மௌத்து அவர்ர பொறுப்பு. நான் வந்தாப் பிரச்சின பெருக்கும்" என்றார்.

எனக்குக் கோயில் முற்றத்து வேப்பமரம் ஞாபகம் வந்தது. போனை அவர்களுக்குக் கேட்கும்படி வைத்துத்தான் பேசினேன். மௌலவி கேட்டுவிட்டு, "அது அவங்கட கருத்து. எங்கட கருத்து இது" என்றார். உள்ளே என் உம்மா குளிப்பாட்டி முடிந்து வெள்ளைக் கபன் துணி உடுத்திக் கிடக்கிறார். வெளியே ஆளுக்கொரு கருத்தோடு நிற்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சாட்சியாடா வேணும்? நீதானடா சாட்சி! வலப்பக்கத்தில நீ கிடந்தாய், இடப்பக்கத்தில நான் கிடந்தன். சொல்லுடா! நான் எத்தின தரம் குடிச்சன்?"

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. கண் நிறைந்து நின்றது. "எனக்கு ஞாபகம் இல்லயே" என்றான்.

அதை அவன் உண்மையாகவே சொன்னான். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் சட்டையை விட்டுவிட்டு மதிலோரமாகப் போய் நின்றேன். மனைவிக்குப் போன் எடுத்து, எத்தனை தரம் பால் குடித்தேன் என்று கணக்குக் கேட்கிறார்கள், உள்ளே விடவில்லை என்று சொன்னேன்.  பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது. அஸருக்குக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. அப்போது ஒரு ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. அம்மா இறங்கினார். அதே வெள்ளைச்சேலை, வெறும் காது. நேரே வாசலுக்கு நடந்தார். ஆண்கள் விலகி வழி விட்டார்கள்.

"ஆர் கணக்குக் கேட்டது?" என்றார். மௌலவி ஒரு அடி முன்னே வந்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனப் பெத்தது நான். எனக்குப் பால் இல்ல. அவதான் குடுத்தவ. அஞ்சு தரம் மட்டும் குடிச்சிருந்தா ரெண்டாம் நாளே செத்திருப்பான் தம்பி. இப்ப உங்களுக்கு முன்னால நிண்டு கத்திறானே, இது எத்தின தரத்துப் பாலெண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மௌலவிக்கு நெற்றி வேர்த்தது. "நீங்க சொல்றது உண்மையா இரிக்கலாம் அம்மா" என்றார். "ஆனா மாற்று மதத்தவங்கட சாட்சிய ஏற்கிறதுல கருத்து வேறுபாடு..."

அம்மா அதைக் கேட்டு முடிக்க நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பெண்ணை யார் தடுப்பது? என்னை நிறுத்திய சட்டம் அவரை விட்டது. அவரை நிறுத்த வேண்டிய போதகரின் சட்டத்தை அவர் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போனார். உள்ளேயிருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி வாய்விட்டு அழவில்லை. ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

திரும்பி வந்தவர் என் கையைப் பிடித்தார். "வாய் கொஞ்சம் திறந்து கிடக்கு மகன். எனக்கு நினைவு வந்து பாத்த நேரம், வார்ட்டில உங்க ரெண்டு பேரையும் போட்டுக்கொண்டு அப்பிடித்தான் நித்திரை கொண்டவ" என்றார். ராத்தா திரை இடுக்கால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி நீட்டினார். அம்மா அதை வாங்கி, எல்லாருக்கும் முன்னால் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

என் தாயின் முகம் எப்படி இருக்கிறது என்று நான் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நன்றி சொல்லவா, நிலத்தில் முட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் நின்றேன். அஸர் பாங்கு கேட்டது. உம்மாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள்.

அடக்கம் செய்கிற மையவாடிக்கு நானும் பின்னால் போனேன். அங்கே ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. மண்ணுக்குக் கருத்து இல்லைபோலும். பெண்ணை அடக்கும்போது கபுறுக் குழிக்கு மேலே ஒரு துணியை நாலு பக்கமும் பிடித்து மறைப்பார்கள். கபுறுக்குள் அவனும் ராத்தாவின் கணவரும் இறங்கியிருந்தார்கள். துணியின் ஒரு முனையை ஒரு கிழவர் பிடித்திருந்தார். வாவிப் பக்கமிருந்து காற்று வந்து துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. "தம்பி, இதக் கொஞ்சம் பிடிங்க. எனக்கு ஏலாது" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் முனையைக் கொடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் பிடித்தேன்.

உம்மாவை உள்ளே இறக்கி, மேற்குப் பார்க்க வலப்பக்கமாகக் கிடத்தினார்கள். கபன் கட்டுகளை அவிழ்த்தார்கள். கன்னம் மண்ணில் படவேண்டும் என்று, முகத்தை மூடியிருந்த துணியை அவன் விலக்கினான். துணியை இன்னும் தாழப் பிடிக்கச் சொல்லப் போலும், நிமிர்ந்து பார்த்தான். என்னைக் கண்டான்.

மௌலவியின் குரல் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் கையிலிருந்து முனையை வாங்கியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. முழங்காலில் இருந்தபடியே மெல்ல வலப்பக்கம் நகர்ந்தான். இடப்பக்கத்தை எனக்கு விட்டான்.

அதற்காக அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பட்டப்பகலில் வாசலால் போய்ப் பார்க்க வேண்டிய முகத்தை, ஒரு துணியின் மறைவில் களவாகப் பார்க்க வைத்தார்கள். அவனும் அதைக் களவாகத்தான் கொடுத்தான். சட்டம் தெரிந்தவர்கள் இருநூறடி தள்ளி இரண்டு பள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கோயிலும் சபையும் வைத்திருந்தார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு துணியின் முனை.

அம்மா சொன்ன மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியிலிருந்து காதுவரை வெள்ளைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. ஒரு மயிர் தெரியவில்லை. என் முன்னால் உம்மாவின் தலை மூடிக் கிடந்தது. இந்தமுறை அதை இழுத்துத் தோளில் போட அவருக்குக் கை வரவில்லை.